பட்டமும் பரம்பரையும்



திருகோணமலைப் பகுதியிலே கப்பல்துறை என்று ஓர் ஊர் உண்டு. அப்பெயரைக் கேட்ட மாத்திரத்தே கடலும் கலமும் நம் மனக்கண்முன் தோன்றும். 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றினர். அதன்பின் அத்துறைமுகம், 'சேர்' என்னும் அடைமொழி தாங்கிய கடற்படைத் தலைவர் பலரைக் கண்டது.

அந்த அடைமொழி ஒன்றே. அதன் தன்மையோ இருவகைப்படும். ஒன்று, 1611இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் ஏற்படுத்திய பாரனெட் பட்டம். அது தந்தைக்குப்பின் மகனைச் சென்றடையும். பம்பாயைச் சேர்ந்த ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் 1857இல் அதனைப் பெற்றார். மற்றொன்று, பெற்றவரோடு முடிந்துபோகும் வீரப்பெருந்தகைப் பட்டம். இவ்விரண்டாவது வகைப் பட்டத்தை 1874இல் பெற்றவரே நம் சேர் முத்துக்குமாரசுவாமி.

அவருடைய தந்தையார் பருத்தித்துறைப் பகுதியிலிருந்து கொழும்புக்கு வந்து உயர்ந்த குமாரசுவாமி முதலியார். சட்டநிரூபண சபையில் தமிழர் சார்பாக முதன்முதல் அமர்ந்தவர். 1836இல் அவர் மறைந்தபோது முத்துக்குமாரசுவாமி இரண்டு வயதுக் குழந்தை. அக்குழந்தை வளர்ந்து, 1861இல் அதே சபையில் அங்கத்தவராயிற்று. பின்னர்ச் சீமைக்குச் சென்று, 1863இல் இலண்டன் லிங்கன்ஸ் இன் சட்டக் கழகத்தில் பாரிஸ்டரானார். கிறித்தவரோ யூதரோ அல்லாத ஒருவருக்கு அக்கதவு திறந்தது அதுவே முதன்முறை. அவ்வாண்டிலேயே அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் நாடகமாக வெளியிட்டார். பாலி மொழியிலுள்ள பௌத்த நூல்களையும் ஆங்கிலமாக்கினார். சைவத் தமிழர் ஒருவர் சிங்கள மக்கள் போற்றும் நூல்களை உலகறியச் செய்தமை நாம் எண்ணி மகிழத்தக்கதன்றோ?

கென்ற் நாட்டுப்புறத்தைச் சேர்ந்த எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மாதை அவர் மணந்தார். 1877இல் ஓர் ஆண்மகவு பிறந்தது. தாயும் சேயும் இங்கிலாந்தில் இருந்தனர். அவர்களிடம் செல்ல ஆயத்தமாயிருந்த வேளையில், 1879 மே 4ஆம் நாள், முத்துக்குமாரசுவாமி கொழும்பிலே காலமானார். மகனுக்கு அப்போது இரண்டு வயதும் நிரம்பவில்லை. தந்தைக்கு நேர்ந்ததே மைந்தனுக்கும் நேர்ந்தது!

பட்டம் அன்றோடு முடிந்தது. ஆனால் பரம்பரை முடிந்ததா? சபையில் அவர் வகித்த இடத்துக்கு அவ்வாண்டே சகோதரியின் மகன் இராமநாதன் வந்தார். மற்றொரு மருமகனாகிய அருணாசலம் இலங்கைச் சிவில் சேவையில் புகழ்பெற்றார். பின்னாளில் இருவரும் தத்தம் தொண்டினாலேயே 'சேர்' பட்டம் பெற்றனர்.

இங்கிலாந்தில் வளர்ந்த அம்மைந்தன் யார்? அவரே கலாயோகி ஆனந்த கெந்திஷ் குமாரசுவாமி. தாயின் நாடும் தந்தையின் குலமும் அப்பெயரில் கைகோத்து நிற்கின்றன. நிலவியல் கற்று, 1903இல் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பாளரானார். மண்ணை ஆராய வந்தவர் மக்களின் கைவினையைக் கண்டு மனம் நெகிழ்ந்தார். 1908இல் இடைக்காலச் சிங்களக் கலைபற்றிய பெருநூலை வெளியிட்டார். 1917 முதல் அமெரிக்காவின் பொஸ்டன் அரும்பொருட் காட்சிச்சாலையில் பணியாற்றி, 1947இல் மறையும்வரை கீழைநாட்டுக் கலையின் பெருமையை உலகுக்கு உணர்த்தினார்.

தந்தையின் முகத்தை நினைவிற் கொள்ளவும் வயதில்லாத பிள்ளை அவர். ஆயினும் இரு சமயத்தையும் இரு மொழியையும் இணைத்த தந்தையின் பணி, மைந்தன் கையில் இன்னும் பெரிதாக மலர்ந்தது. மன்னர் அளிக்கும் பட்டம் மகனுக்குச் சென்றாலும் செல்லும், செல்லாமலும் போகும். கற்றுத் தேர்ந்த உள்ளம் விட்டுச்செல்லும் செல்வமோ, கடல் கடந்தும் தன் உரியவரைத் தேடி அடையும்.