போஸ்ட்கிரெஸும் சிஸ்டம்டியும்: அந்த 90 விநாடி

இன்னைக்குப் பேசப்போறது பார்க்க ரொம்ப சாதாரணமா தெரியுற ஒரு விஷயம். ஒரு லினக்ஸ் சர்வர்ல போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பின்னணியில் ஓடிக்கிட்டு இருக்கு. அதை யார் தொடங்கினாங்க? விழுந்தா யார் தூக்கி விடுவாங்க? நிறுத்தச் சொன்னா எப்படி நிறுத்துவாங்க? இந்த மூணு கேள்விக்கும் பதில் தெரியாமலே வருஷக்கணக்கா சர்வர் நடத்தலாம். பதில் தேவைப்படுற நாள் வரும்போதுதான் சிக்கல், ஏன்னா அது எப்பவும் நடுராத்திரியாத்தான் இருக்கும்.

"இப்போ எல்லாம் கிளவுட்ல மேனேஜ்டு டேட்டாபேஸ் தானே, இதெல்லாம் எதுக்கு"ன்னு கேட்கலாம். பெரிய கம்பெனின்னா சரி. ஆனா மாச வாடகைக்கு ஒரு சின்ன விர்ச்சுவல் சர்வர் எடுத்து, அதிலேயே ஆப், அதிலேயே டேட்டாபேஸ்னு ஓட்டுற கடைகள், கிளினிக்குகள், ஸ்டார்ட்அப்கள் எத்தனை! நீங்க முதல் வேலையில் சேரும்போது உங்க கையில் வரப்போறது பெரும்பாலும் அதுதான்.

முதல்ல ஒரு வார்த்தை. பின்னணியில் ஓடுற ப்ரோக்ராமை டீமன்னு சொல்றோம். 1963 வாக்கில் எம்.ஐ.டி.யில் ப்ராஜெக்ட் மேக் குழுவில் பிறந்த பேர் அது. இயற்பியல்ல மேக்ஸ்வெல்னு ஒருத்தர் கற்பனை பண்ண, ஓயாம மூலக்கூறுகளைப் பிரிச்சு அனுப்பிக்கிட்டே இருக்கிற அந்தக் குட்டிப் பூதத்தை வச்சுதான் பேர் வச்சாங்க. எனக்கென்னவோ பேயை விட எல்லைச்சாமிதான் பொருத்தமா படுது. யாரும் பார்க்கலைன்னாலும் ஊர் எல்லையில் நிக்குது, இல்லையா?

பழைய யூனிக்ஸ் வழியில், டீமனாக ஆசைப்படுற ப்ரோக்ராம் தானே எல்லா வேலையும் செய்யணும். ஒரு பிள்ளை ப்ராசஸை உருவாக்கி, தான் செத்து, பிள்ளையை டெர்மினல்லருந்து பிரிச்சு, தன்னோட ப்ராசஸ் எண்ணை ஒரு ஃபைல்ல எழுதி வைக்கணும். அந்த எண்ணை நம்பித்தான் பிறகு நிறுத்துறது எல்லாம். 2010-ல் வந்த சிஸ்டம்டி இதைத் தலைகீழா மாத்திச்சு. "நீ ஒண்ணும் ஒளிஞ்சுக்க வேண்டாம், முன்னாலேயே நின்னு ஓடு, நான் பார்த்துக்கிறேன்"னு சொல்லுது. ஒவ்வொரு சர்வீஸையும் கெர்னலோட சிகுரூப்னு ஒரு வேலிக்குள்ள வைக்குது. அந்த ப்ராசஸ் எத்தனை பிள்ளை பெத்தாலும் வேலியைத் தாண்டாது. 2015-ல் டெபியன் 8 வந்தப்போ அங்கேயும் இதுவே வழக்கமாச்சு. சிஸ்டம்டி நல்லதா கெட்டதான்னு இன்னும் சண்டை போடுறவங்க இருக்காங்க. அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரலை.

சரி, போஸ்ட்கிரெஸுக்கு வருவோம். கொஞ்ச நாள் முன்னாடி ஒரு சின்ன நிறுவனத்தில் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டாங்க. பேர் வேண்டாம். ஹோஸ்டிங் தரப்பில் பராமரிப்புக்காக சர்வரை ரீபூட் பண்ணியிருக்காங்க. ஆப் வந்துடுச்சு, டேட்டாபேஸ் வரலை. வேலையை விட்டுப் போன ஒருத்தர், தன்னோட சொந்த லாகின்ல, டிமக்ஸ் விண்டோவுக்குள்ள போஸ்ட்கிரெஸைக் கையால ஓட விட்டிருக்கார். ரீபூட் ஆனதும் டிமக்ஸ் போச்சு, டேட்டாபேஸும் போச்சு. அதை விடக் கொடுமை, டேட்டா எந்த டைரக்டரியில் இருக்குன்னே அங்க யாருக்கும் தெரியலை.

இந்த நிலைமையில் உதவுற ஒரு சின்ன குறிப்பு: போஸ்ட்கிரெஸோட ஒவ்வொரு டேட்டா டைரக்டரியிலும் பிஜி அண்டர்ஸ்கோர் வெர்ஷன்னு ஒரு ஃபைல் இருக்கும், பேர் முழுக்கப் பெரிய எழுத்தில். உள்ளே வெர்ஷன் எண் மட்டும்தான். ஃபைண்ட் கமாண்டை வச்சு அந்தப் பேரைத் தேடினா வீடு கிடைச்சிடும். அங்கேயும் கிடைச்சது. அரை நாள் வியாபாரம் நின்னதோட தப்பிச்சாங்க.

சாதாரண யூசர் கணக்கில் ஓட்டுறதில் இன்னொரு ஆபத்தும் இருக்கு. சிஸ்டம்டியில் ரிமூவ் ஐபிசின்னு ஒரு செட்டிங். ஒரு யூசர் முழுசா லாக்அவுட் ஆனதும், அவர் பேரில் இருக்கிற பகிர்வு மெமரியை எல்லாம் துடைச்சு எடுத்துடும். போஸ்ட்கிரெஸ் பேரலல் க்வெரி ஓட்டும்போது அந்த மெமரியைத்தான் நம்பியிருக்கு. அதனால் சம்பந்தமே இல்லாத நேரத்தில் எர்ரர் வரும், யாருக்கும் காரணம் புரியாது. சிஸ்டம் யூசருக்கு இந்தத் துடைப்பு கிடையாது. அதனாலதான் பேக்கேஜ் மூலமா நிறுவும்போது போஸ்ட்கிரெஸ்னு தனியா ஒரு சிஸ்டம் யூசர் உருவாகுது. ரூட்டாக ஓட்டலாமேன்னா, போஸ்ட்கிரெஸே மறுத்துடும்.

இப்போ உபுண்டு, டெபியன் பயன்படுத்துறவங்களுக்கு. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்னு அடிச்சா "ஆக்டிவ்"னு பச்சையில் காட்டும், பக்கத்தில் அடைப்புக்குள்ள "எக்சிட்டட்"னு இருக்கும். புதுசா பார்க்கிறவங்க சிலர் அந்த எக்சிட்டட்டைப் பார்த்து பதறுவாங்க. சிலர் பச்சையைப் பார்த்து நிம்மதியாயிடுவாங்க. ரெண்டுமே அர்த்தமில்லாதது. அந்த சர்வீஸ் ஒரு பெயர்ப்பலகைதான். உள்ளே ஓடுறது ட்ரூ கமாண்ட், அதாவது ஒண்ணுமே செய்யாம "சரி"ன்னு சொல்லிட்டுப் போற கமாண்ட். டெபியன்ல ஒரே சர்வர்ல பல வெர்ஷன் ஓட்ட வழி இருக்கிறதால, உண்மையான சர்வீஸ் பேர் போஸ்ட்கிரெஸ்க்யூஎல், பிறகு அட் குறி, பிறகு 16-மெயின் மாதிரி வரும். அதோட ஸ்டேட்டஸைத்தான் பார்க்கணும். பிஜி எல்எஸ் க்ளஸ்டர்ஸ்னு ஒரு கமாண்ட் இருக்கு, எது ஓடுது எது விழுந்துடுச்சுன்னு ஒரே வரியில் காட்டும். மானிட்டரிங் போடுறவங்க வெறும் பெயர்ப்பலகையைக் கண்காணிச்சா, டேட்டாபேஸ் செத்துக் கிடக்கும்போதும் பச்சைதான் தெரியும்.

இனி தலைப்பில் சொன்ன 90 விநாடி. இதைக் கொஞ்சம் நிதானமா கேளுங்க.

போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் முதல்ல வால்னு ஒரு லாக்ல எழுதும். டேட்டா ஃபைல்களுக்கு மாற்றம் மெதுவாத்தான் போகும். அவ்வப்போது செக்பாயிண்ட் போட்டு, "இதுவரைக்கும் எல்லாம் டேட்டா ஃபைலுக்குப் போயாச்சு"ன்னு ஒரு கோடு கிழிக்கும். வழக்கமா 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை, இல்லைன்னா லாக் நிறைஞ்சா அதுக்கு முன்னாடியே. கரண்ட் போய் சர்வர் விழுந்தா, திரும்ப வரும்போது கடைசிக் கோட்டிலிருந்து லாக்கைப் படிச்சு எல்லாத்தையும் மறுபடி செய்யும். இதுதான் க்ராஷ் ரெக்கவரி. சின்ன டேட்டாபேஸ்னா கண் மூடித் திறக்கிறதுக்குள்ள முடியும். எழுத்து அதிகமா நடக்குற, செக்பாயிண்ட் இடைவெளியைக் கூட்டி வச்ச, டிஸ்க் மெதுவான சர்வர்னா பல நிமிஷம் ஆகலாம்.

இப்போ சிஸ்டம்டி பக்கம் பாருங்க. ஒரு சர்வீஸ் "நான் தயார்"னு சொல்ல அது கொடுக்கிற வழக்கமான அவகாசம் 90 விநாடி. அதுக்குள்ள பதில் வரலைன்னா தொடக்கம் தோல்வின்னு முடிவு பண்ணி ப்ராசஸைக் கொன்னுடும். யூனிட் ஃபைல்ல ரீஸ்டார்ட் போட்டிருந்தா மறுபடி தொடங்கும். போஸ்ட்கிரெஸ் ரெக்கவரியை மறுபடி அதே கோட்டிலிருந்து ஆரம்பிக்கும். மறுபடி 90 விநாடி, மறுபடி கொலை. வெளியிலிருந்து பார்த்தா "டேட்டாபேஸ் கரப்ட் ஆயிடுச்சு, எழவே மாட்டேங்குது"ன்னு தோணும். உண்மையில் டேட்டாபேஸுக்கு ஒண்ணும் ஆகலை. அது எழுந்திரிக்கப் பார்க்குது, காவலாளியே தட்டி உட்கார வைக்கிறார். பயத்தில் யாராவது வால் ஃபைல்களை அழிக்கிறது, ரீசெட்வால் கமாண்டை ஓட்டுறதுன்னு இறங்கினா, அப்போதான் நிஜமான சேதம் நடக்கும்.

அதனாலதான் போஸ்ட்கிரெஸ் ஆவணத்தில் காட்டியிருக்கிற மாதிரி யூனிட் ஃபைல்ல டைம்அவுட் செக் ஈக்வல்ஸ் இன்ஃபினிட்டின்னு இருக்கு. காலவரையே வேண்டாம்னு அர்த்தம். கூடவே டைப் நோட்டிஃபை. 9.6 வெர்ஷன்லருந்து, அந்த ஆதரவோட கம்பைல் பண்ணியிருந்தா, போஸ்ட்கிரெஸ் தானே சிஸ்டம்டிக்கு "இப்போ கனெக்ஷன் வாங்கத் தயார்"னு தகவல் அனுப்பும். பேக்கேஜ்ல வந்த உங்க யூனிட் ஃபைல்ல என்ன இருக்குன்னு சிஸ்டம்சிடிஎல் கேட் போட்டு இன்னைக்கே பார்த்துடுங்க.

நிறுத்துறதிலும் இதே கதைதான். போஸ்ட்கிரெஸுக்கு மூணு விதமா நிறுத்தச் சொல்லலாம். சிக்டெர்ம் அனுப்பினா, இருக்கிற க்ளையன்ட் எல்லாம் தானா போகட்டும்னு காத்திருக்கும். கனெக்ஷன் பூல் வச்ச ஆப் எங்க போகும்? போகவே போகாது. சிக்இன்ட் அனுப்பினா நடக்கிற ட்ரான்ஸாக்ஷனை ரத்து பண்ணி, எல்லாரையும் அனுப்பி, கடைசியா ஒரு செக்பாயிண்ட் போட்டு ஒழுங்கா மூடும். சிக்க்விட்னா உடனே வெளியேறிடும், அடுத்த தடவை ரெக்கவரி ஓடும். ஆவணத்து யூனிட் ஃபைல் சிக்இன்ட்டைத்தான் தேர்ந்தெடுத்திருக்கு. கில்மோட் மிக்ஸ்டுன்னும் ஒரு வரி இருக்கு. அது ஏன்னா, சிக்னல் தலைமை ப்ராசஸுக்கு மட்டும் போகணும், பிள்ளைகளை அது பார்த்துக்கும்.

கில் மைனஸ் 9 பத்தி ஒரு வார்த்தை. ஒரு க்வெரி ரொம்ப நேரமா ஓடுது, அந்த ஒரு ப்ராசஸை மட்டும் கில் மைனஸ் 9 போடலாம்னு தோணும். போடாதீங்க. ஒரு பிள்ளை ப்ராசஸ் இப்படித் திடீர்னு செத்தா, பகிர்வு மெமரி கெட்டுப் போயிருக்கலாம்னு போஸ்ட்கிரெஸ் சந்தேகப்படும். உடனே மத்த எல்லா கனெக்ஷனையும் துண்டிச்சு, ரெக்கவரி ஓட்டித்தான் திரும்ப வரும். ஒருத்தரை எழுப்பப் போய் பஸ்ல இருக்கிற எல்லாரையும் இறக்கி விட்ட கதை. பிஜி கேன்சல் பேக்எண்ட், அது கேட்கலைன்னா பிஜி டெர்மினேட் பேக்எண்ட். இந்த ரெண்டும் போதும்.

மெமரி தீர்ந்தா கெர்னலோட ஓஓஎம் கில்லர் செய்யுறதும் அதே மைனஸ் 9 தான், உங்களைக் கேட்காமலே. ஆப்பும் டேட்டாபேஸும் ஒரே 2 ஜிபி சர்வர்ல இருந்தா இது அடிக்கடி நடக்கும். யூனிட் ஃபைல்ல ஓஓஎம் ஸ்கோர் அட்ஜஸ்டை மைனஸ் 1000-ன்னு வச்சா தலைமை ப்ராசஸைத் தொடாது. ஆனா பிள்ளைகளும் அதே பாதுகாப்போட பிறந்துடும், அதுக்கு பிஜி ஓஓஎம் அட்ஜஸ்ட் ஃபைல்னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிளும் சேர்த்து வைக்கணும்.

அடுத்தது டிஸ்க். டேட்டா டைரக்டரி தனி டிஸ்க்ல இருந்து, அது மவுன்ட் ஆகுறதுக்கு முன்னாடி போஸ்ட்கிரெஸ் தொடங்கினா? நல்ல வேளையா, டைரக்டரி காலியா இருந்தா போஸ்ட்கிரெஸ் ஓட மறுக்கும். ஆனா டாக்கர்ல வர்ற அதிகாரபூர்வ இமேஜ் அப்படி இல்லை. காலி டைரக்டரியைப் பார்த்தா புது டேட்டாபேஸையே உருவாக்கிடும். ஆப் எழுந்து பார்த்தா ஒரு டேபிளும் இருக்காது. பழைய டேட்டா பத்திரமா வேற இடத்தில் இருக்கும், ஆனா அந்த நிமிஷம் உயிரே போயிடும். மவுன்ட் பாயிண்ட்டையே டேட்டா டைரக்டரியா வைக்காம, அதுக்குள்ள ஒரு டைரக்டரி, அதுக்குள்ள டேட்டான்னு வைக்கச் சொல்றாங்க. சிஸ்டம்டியில் ரிக்வயர்ஸ் மவுண்ட்ஸ் ஃபார்னு ஒரு வரி சேர்த்தா, டிஸ்க் வந்த பிறகுதான் சர்வீஸ் தொடங்கும். டாக்கர்ல இன்னொண்ணு: ஸ்டாப் சொன்னா அது கொடுக்கிறது வழக்கமா 10 விநாடிதான், பிறகு சிக்கில். டேட்டாபேஸ் கன்டெய்னருக்கு அந்த அவகாசத்தைக் கண்டிப்பா கூட்டி வைங்க.

இந்த வரிகளை எங்க எழுதுறது? பேக்கேஜ் கொடுத்த யூனிட் ஃபைலை நேரடியா திருத்தினா அடுத்த அப்டேட்ல காணாமப் போயிடும். சிஸ்டம்சிடிஎல் எடிட், பிறகு சர்வீஸ் பேர். அது தனியா ஒரு சின்ன ஃபைல் உருவாக்கி உங்க வரிகளை மேலே ஏத்தி வைக்கும்.

எல்லாம் முடிஞ்சதும் ஒரு சோதனை பாக்கி இருக்கு, ரீபூட். ஸ்டார்ட் வேற, எனேபிள் வேற. ஸ்டார்ட் இப்போதைக்கு, எனேபிள்தான் அடுத்த தடவை மெஷின் எழும்போது. டெஸ்ட் சர்வர்ல ரீபூட் பண்ணிட்டு, கையால எதையும் தொடாம, ஆப்ல லாகின் பண்ண முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா ஜர்னல்சிடிஎல்ல அந்த பூட்டோட லாக்கைப் படிங்க, மைனஸ் பி, மைனஸ் யூ, பிறகு சர்வீஸ் பேர். அதில் டைம்அவுட்னு ஒரு வார்த்தை கண்ணில் பட்டா, எங்க போய்த் திருத்தணும்னு இப்போ உங்களுக்குத் தெரியும். அடுத்த எபிசோடில் பேக்அப் எடுத்ததைத் திரும்ப ஏத்திப் பார்க்கிறதைப் பத்திப் பேசலாம்.