சில வழிகள், பல குரல்கள்

வெளிமாநிலத்திலிருந்து ஊருக்கு ‘டிரங்க் கால்’ பதிந்து காத்திருந்த அந்நாள் நம்மில் மூத்தோர்க்கு நினைவிருக்கும். வழிகள் சில, பேச விழைந்தோர் பலர். காலியான வழி முறைப்படி அடுத்தவர்க்கு அளிக்கப்பட்டது. காவலரும் தீயணைப்பாளரும் கையில் ஏந்தும் ‘டிரங்க்கிங்’ வானொலிக்கும் அதே தத்துவந்தான் அடிப்படை.

இங்கே பங்கிடுவது கணினி. ஒருவர் பொத்தானை அழுத்தியதும், அவர் கருவி கட்டுப்பாட்டு அலைவரிசையில் வேண்டுகோள் விடுக்கிறது. கணினி காலியான வழி ஒன்றைத் தேர்ந்து, குழுவினர் அனைவரின் கருவிகளையும் அதற்குத் திருப்புகிறது. பேச்சு முடிந்ததும் அவ்வழி பொதுவுக்கு மீள்கிறது. 1990-களில் ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட ‘டெட்ரா’ முறையில், 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலையிலேயே, காலத்தைப் பகுத்து 4 வழிகள் அமைக்கப்படுகின்றன.

பரந்த பரப்பிற்குக் கோபுரங்கள் பல வேண்டும். ஒவ்வொரு கருவியும் அருகிலுள்ள கோபுரத்தில் தன் வருகையைப் பதிந்துகொள்கிறது. ஆகவே, குழுவினர் இருக்கும் இடங்களுக்கு மட்டும் பேச்சை அனுப்பினாற் போதும்.

வழிகள் யாவும் நிறைந்துவிட்டால்? சாதாரண அழைப்பு வரிசையில் நிற்கும். அன்றைய ‘லைட்னிங் கால்’ போல, ஆபத்து அழைப்பு முந்திச் செல்லும்; தேவையாயின் நடக்கும் பேச்சையும் விலக்கும். கோபுரமே செயலிழந்தாலும், அண்மையிலுள்ள டெட்ரா கருவிகள் நேருக்கு நேர் பேசிக்கொள்ள இயலும். புயலிலும் நெருப்பிலும் உயிர்காப்போர் இம்முறையை நம்புவது இதனாலேயே.