ஒரு பிள்ளை, இரண்டு படிப்பு: பெற்றோரே, உங்கள் பங்கு என்ன?

(விருத்தாசலத்தில் பெற்றோர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் ஊர் பீங்கான் ஊர். எனவே சூளையிலிருந்தே தொடங்குகிறேன். சூடு ஏறும்போது 573 டிகிரி என்று ஒரு கட்டம் வருகிறது. கலவையில் உள்ள குவார்ட்ஸ் அந்த இடத்தில் தன் அமைப்பை மாற்றிக் கொள்கிறது. அப்போது சூட்டை அவசரமாகக் கூட்டினாலும் குறைத்தாலும் பொருள் விரிசல் விட்டுவிடும். விவரம் தெரிந்தவர் அந்த நேரத்தில் சூளையை விட்டு நகரமாட்டார். விரிசல் விட்டால் பொம்மையைத் திட்டவும் மாட்டார்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு அதுதான் 573 டிகிரி. அந்த நேரத்தில் நாம் எங்கே இருக்கிறோம்? கடையில் கல்லாவில் இருக்கிறோம்!

பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடத்தையும் படித்து, அந்த மதிப்பெண்ணைக் கல்லூரியில் கழித்துக் கொள்ளும் முறை வெளிநாடுகளில் உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 1985லேயே இதற்குச் சட்டம் இயற்றியது. இங்கே அதே முறை அப்படியே இல்லை. ஆனால் அதன் வாசல்கள் இங்கும் திறந்திருக்கின்றன. பிளஸ் டூவில் கணிதம், அறிவியல் அல்லது தொழிற்கல்வி படித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியலில் இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். பள்ளியில் படித்தது கல்லூரியில் ஒரு வருடத்தை மிச்சப்படுத்துகிறது. வியாபாரிகளே, ஒரு வருடத்தின் விலை உங்களுக்குத் தெரியாததா?

இன்னொரு வாசல் சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பு. இதற்கு ஜே.இ.இ. தேர்வு கட்டாயமில்லை. பதினோராம் வகுப்பு இறுதித் தேர்வு எழுதியவரே விண்ணப்பிக்கலாம். நான்கு வாரப் பாடம், வாரந்தோறும் பயிற்சி, அதன்பின் நேரில் தகுதித் தேர்வு. தேறினால் பிளஸ் டூ முடித்த பிறகு சேரலாம். குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம்.

நடந்தது என்ன?

எனக்குத் தெரிந்த ஒரு பையன். அவனுடைய அத்தா கடை வைத்திருக்கிறார். பிளஸ் ஒன் பரீட்சை முடிந்ததும் பையன் இந்தத் தகுதிப் பாடத்தில் சேர்ந்தான். எந்நேரமும் கையில் போன். மூன்றாவது வாரத்தில் அத்தா போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "கடைக்கு வா" என்றார். பயிற்சிகள் விட்டுப்போயின. தேவையான மதிப்பெண் வரவில்லை. தேர்வு எழுதும் வாய்ப்பே கிடைக்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் அவர் என்னிடம் வந்து வருந்தினார். "ஹஜ்ரத், இவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" பக்கத்தில் நின்ற பையன், "சொன்னேன் அத்தா. நீங்க கணக்கு எழுதிக்கிட்டு இருந்தீங்க" என்றான்.

குற்றம் அவருடையது மட்டுமல்ல. அந்தப் பையன் முதலில் வந்தது என்னிடம்தான். அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணையில் வைத்துக் கேட்டான். "முதலில் பிளஸ் டூவை முடிடா, மற்றதெல்லாம் பிறகு" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டேன். நானும் விசாரிக்கவில்லை. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

சிந்தித்துப் பாருங்கள். இரண்டு படிப்பு நமக்குப் புதிதா? விடியற்காலையில் மதரஸா, ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடம் என்றுதானே நாம் வளர்ந்தோம்? அன்று நம்மை எழுப்பி, ஓதவைத்து, சோறு கட்டிக் கொடுத்து அனுப்ப ஒரு தாய் இருந்தாள். பிள்ளை இரண்டு படிப்பையும் சுமந்தது தன் கெட்டிக்காரத்தனத்தால் மட்டுமல்ல.

செய்ய வேண்டியவை

முதலாவது, பிள்ளை என்ன படிக்கிறான் என்று உட்கார்ந்து கேளுங்கள். பாடம் புரியவேண்டியதில்லை. எந்தத் தேதியில் என்ன தேர்வு என்று தெரிந்தால் போதும். பள்ளித் தேர்வையும் வெளிப்பாடத் தேர்வையும் ஒரே காலண்டரில் குறித்துச் சுவரில் மாட்டுங்கள். இரண்டும் மோதினால் பள்ளித் தேர்வுக்கே முதலிடம்.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரு வெளிப்பாடம் போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்து மூன்றைச் சுமத்தாதீர்கள். முடியவில்லை என்றால் விட்டுவிடவும் அனுமதியுங்கள். வகுப்பாசிரியருக்கு விஷயத்தைத் தெரிவியுங்கள்.

மூன்றாவது, இரவில் இரண்டு மணி நேரம் கடை வேலையும் தொலைக்காட்சிச் சத்தமும் இல்லாத ஓர் இடம் கொடுங்கள். பெண்பிள்ளைக்கும் இதே உரிமை உண்டு. தம்பிக்குப் போனும் அக்காவுக்குப் பாத்திரமும் என்று பிரிக்காதீர்கள்.

நான்காவது எச்சரிக்கை! பிளஸ் டூவை இடையில் கைவிட்டு, "நேரடியாகப் பட்டம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெறும் பட்டம் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009இல் அரசாணையே வந்திருக்கிறது. இதை அறியாமல் ஏமாந்தவர்கள் நம் சமுதாயத்தில் எத்தனை பேர்! பட்டத்தை மாட்ட ஆணி வேண்டும். அந்த ஆணிதான் பிளஸ் டூ.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. கல்யாணத்துக்குத் திறக்கும் மண்டபத்தில் ஓர் அறையை மாலையில் மாணவர்களுக்குத் திறங்கள். இரண்டு கணினி, இணைய இணைப்பு, கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளை ஒருவர் மேற்பார்வைக்கு. நாலு வியாபாரிகள் சேர்ந்தால் முடியாத காரியமா?

2007இல் கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் 3.5 சதவீத இடஒதுக்கீடு பெற்றோம். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் அந்த இடம் கல்லூரி வாசலில் இருக்கிறது. வாசல்வரை பிள்ளையைக் கொண்டு சேர்ப்பது யார்? அரசாங்கமா? நீங்களும் நானும்தான்.

அந்தப் பையன் மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறான். இந்த முறை தேர்வுத் தேதியை அவனுடைய அத்தா தன் கணக்கு நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். இன்ஷா அல்லாஹ் தேறுவான். தேறாவிட்டாலும், அத்தா கூட இருந்தார் என்பது அவனுக்குத் தெரியும்.

உங்கள் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, சகோதரரே?