சந்தைப் பையில் இருக்கிறது சங்கதி

உடம்பு இளைக்க வேண்டுமா? முதலில் சந்தைப் பையைக் கவனியுங்கள்.

நாகர்கோவில் வடசேரி கனகமூலம் சந்தைக்குப் போனால் தடியங்காய் (வெண்பூசணி), புடலங்காய், வெள்ளரிக்காய், முருங்கைக்காய் வாங்கி அவியல் வையுங்கள். நீர்ச்சத்தும் நார்ச்சத்தும் உள்ள காய்கள்; வயிறு நிறையும், எடை ஏறாது. தேங்காயை மட்டும் அளந்து அரையுங்கள். அந்த விஷயத்தில் நம் ஊர்க் கை கொஞ்சம் தாராளம்!

அடுத்தது காணம், அதாவது கொள்ளு. 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம். வறுத்துத் துவையல் அரைத்தால் கஞ்சிக்கு அவ்வளவு ருசி. பசியும் சீக்கிரம் எடுக்காது. மீன் என்றால் சாளை, அதாவது மத்தி. விலை குறைவு, ஒமேகா-3 நிறைவு. பொரிக்காதீர்கள், குழம்பு வையுங்கள்.

இனிப்பு ஆசைக்கு, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டிப்பழம். சின்னப் பழம்தான், ஒன்றிரண்டோடு நிறுத்தினால் கணக்குச் சரியாக இருக்கும். நேந்திரங்காய் சிப்ஸ் கடை வந்தால் வேகமாகத் தாண்டிவிடுங்கள்.

இதைச் சொன்னதும் ஒருவர், "தினமும் அதைத் தாண்டித்தான் நடைப்பயிற்சிக்குப் போறேன்" என்றார்.

"பின்ன ஏன் இளைக்கல?"

"போகும்போது தாண்டிருவேன். வரும்போதுதான் கால் நின்னுருது!"