உளியும் தலைக்கவசமும்



தமிழ்க் காதுக்குப் ‘பத்து’ என்பது எண். மலாய் மொழியிலோ அது கல். ‘பாகாட்’ என்பது உளி. கல்லும் உளியும் சேர்ந்து பெயர் தந்த இவ்வூரில், உந்தம், கணத்தாக்கு என்னும் இயற்பியல் பாடத்தை அவ்விரண்டிலிருந்தே தொடங்கலாம்.

1 கிலோகிராம் நிறையுள்ள சுத்தியல், விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் உளியின் தலையில் இறங்குகிறது எனக் கொள்வோம். நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவது உந்தம். இங்கே அதன் அளவு 5. சுத்தியல் நின்றதும் உந்தம் சுழியாகிறது. இம்மாற்றத்தின் அளவே கணத்தாக்கு. விசையை அது செயற்பட்ட காலத்தால் பெருக்கினாலும் இதே அளவுதான் கிடைக்கும். கல்லில் ஊன்றிய உளி, சுத்தியலை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் நிறுத்துமானால், சராசரி விசை 5000 நியூட்டன். அது உளியின் கூர்முனையில் குவியக் கல் பெயர்கிறது. அதே சுத்தியல் பஞ்சு மெத்தையில் விழுந்து, விநாடியில் பத்தில் ஒரு பங்கில் நிற்குமானால், விசை 50 நியூட்டன் மட்டுமே. கணத்தாக்கு மாறவில்லை, காலம் நூறு மடங்காயிற்று, விசை நூறில் ஒரு பங்காயிற்று.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பாடநூல்கள் ஆளும் ‘கணத்தாக்கு’ என்ற சொல்லை நோக்குங்கள். ‘கணம்’ காலத்தையும் ‘தாக்கு’ விசையையும் சுட்டுகின்றன. வாய்பாட்டின் இரண்டு உறுப்புகளும் சொல்லுக்குள்ளேயே உள்ளன. இடைநிலைப் பள்ளியில் ‘மொமெந்தும்’, ‘இம்புல்ஸ்’ என்று படிக்கும் நம் பிள்ளைக்கு இச்சொற்களையும் சேர்த்துச் சொன்னால், மனப்பாடம் விளக்கமாக மாறும். ஆயினும் ஓர் எச்சரிக்கை: நொடிப்பொழுதில் நிகழ்வது மட்டுமே கணத்தாக்கு என்று மாணவர் கருதிவிடலாகாது. மெத்தை தந்ததும் அதே அளவு கணத்தாக்கே.

இப்பாடம் தேர்வோடு முடிவதன்று. உங்களிற் பலர் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு வருகின்றீர்கள். விழும்போது தலையின் உந்தம் எப்படியும் சுழியாகியே தீரும். எவ்வளவு காலத்தில் என்பதே உயிர்க்கேள்வி. தலைக்கவசத்தின் உள்ளிருக்கும் கெட்டி நுரை நசுங்கி, அக்காலத்தைச் சில மில்லிவிநாடிகள் நீட்டித் தருகிறது. ஒருமுறை நசுங்கிய நுரை மீண்டும் அவ்வாறு காக்காது; ஆதலின் விபத்துக்குள்ளான கவசத்தை மாற்றிவிட வேண்டும். வாரைப் பூட்டாத கவசமோ, தலை தரையைத் தொடுமுன்பே கழன்றுவிடக்கூடும்.

ஆசிரியர்களே, நாளை கரும்பலகையில் வாய்பாட்டை எழுதுமுன் ஒரு தலைக்கவசத்தை மேசைமேல் வையுங்கள். மாணவர்களே, இன்று வீடு திரும்புமுன் வாரைப் பூட்டிக்கொள்ளுங்கள்.