மாடு கடியாத பூ



செட்டிபாளையத்தில் கல்முனை வீதியை விட்டுக் கடற்கரைப் பக்கமாக ஒழுங்கையில் இறங்கினால் மணல்தான். அந்த உப்புக்காற்றில், கிணற்றுக் கட்டின் சீமெந்து வெடிப்புக்குள்ளிருந்துகூடத் தலைநீட்டிப் பூப்பது பட்டிப்பூ. தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி என்பார்கள். மாரி, கோடை பாராமல் பூப்பதற்குப் பொருத்தமான பெயர்தான். முழங்கால் உயரம், மிஞ்சினால் இடுப்பளவு. மொட்டு, சுருக்கிய குடைபோல் முறுக்கிக்கொண்டு நிற்கும். விரிந்தால் ஐந்து இதழ். இலையைக் கிள்ளினால் பால் வடியும். நாக்கில் பட்டால் கசப்பு. மாடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

மனிதர்தான் போவதில்லை. ஒரு பெத்தா என்னைக் கேட்டா: "மனே, பட்டிப்பூ இலைய அவிச்சுக் குடிச்சா சீனி வருத்தம் கொறையுமாம், மெய்யா?"

இதே நம்பிக்கை ஜமேய்க்காவிலும் இருந்தது. செடியின் பூர்வீகம் மடகாஸ்கர். உலகம் சுற்றியபோது கைவைத்தியமும் கூடவே சுற்றியிருக்கிறது. 1952இல் ஜமேய்க்காவிலிருந்து கடித உறையொன்றில் 25 இலைகள் கனடாவிலிருந்த மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு வந்தன. அவர் அதை ஆராய்ச்சியாளரான தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். இலைச்சாற்றை எலிக்குப் பருக்கினார்கள், சீனி அசையவில்லை. ஊசியால் ஏற்றினார்கள்; எலிகள் கிருமி தொற்றிச் செத்தன. இரத்தத்தைப் பார்த்தால் வெள்ளணுக்கள் விழுந்து கிடந்தன. வேறொருவரென்றால் சாற்றைக் கொட்டியிருப்பார். வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகும் இரத்தப் புற்றுநோய் ஒன்று இருக்கிறதே என்பது இவர்களுக்கு உறைத்தது. ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பியரும் 1958இல் அந்த இலையிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் எலி லில்லி கம்பனி அதே செடியில் கண்டெடுத்த வின்கிறிஸ்டினுக்கு 1963இல் அனுமதி கிடைத்தது. பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கும் மருந்து அது.

உயிரணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே நூல்போன்ற இழைகள் கட்டப்படும். இந்த மருந்து அந்த இழையைக் கட்டவிடாது. பிரிய வந்த அணு பாதியில் நின்று செத்துப்போகும். வெகுவேகமாகப் பிரிவது புற்றணு என்பதால் அதற்கே அடி பலமாக விழும். நல்ல அணுக்களும் தப்பாது. வின்கிறிஸ்டின் ஏற்றியவர்களுக்கு விரல்நுனி மரத்துப்போவது அதனால் வரும் தொல்லைகளில் ஒன்று. அளவை நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் இரத்த நாளம் வழியாக.

ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்று பெத்தாவிடம் சொன்னேன். வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டா:

"அப்ப நான் அவிக்கிற ரெண்டு இலையில என்ன வரும், மனே?"

"சத்திதான் வரும், பெத்தா."