பட்டாளத்துக்காரர் கடனும் சட்டமும்
(சிங்காநல்லூர்ச் சொற்பொழிவின் சாரம்)



இந்த ஊருக்குக் கிழக்கே சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. நீலகிரியில் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஆகவே பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய குடும்பம் இப்பக்கத்திற்குப் புதிதல்ல. ஆனால் அப்படிப்பட்ட குடும்பம் கடன்பட்டால் சட்டம் என்ன பாதுகாப்புக் கொடுக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்திருக்கிற வட்டிக்காரரோ அதை வெளியே சொல்லமாட்டார். அதனாலேயே இன்று இதைப் பேசுகிறோம்.

1950ஆம் வருடத்து ராணுவச் சட்டத்தின் 28வது பிரிவுப்படி, கோர்ட்டு டிக்ரிக்காகச் சிப்பாயின் சம்பளத்தையோ படியையோ ஜப்தி செய்ய முடியாது. அவரது ஆயுதத்தையும் உடுப்பையும் தொட முடியாது. 29வது பிரிவுப்படி, படையிலுள்ளவரைக் கடனுக்காகச் சிவில் கோர்ட்டு கைது செய்ய முடியாது. 32வது பிரிவுப்படி, லீவுச் சான்றுடன் வந்து கேட்டால் அவரது வழக்கைக் கூடியவரை அந்த லீவுக்குள்ளேயே விசாரித்து முடிக்கவேண்டும். லீவே கிடைக்காதவர், தம் மேலதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டு, வேறொருவரைத் தமக்காக வழக்காட நியமிக்கலாம்.

போர்முனையிலோ அதற்கொப்பான விசேஷ நிலைமையிலோ இருப்பவருக்கு 1925ஆம் வருடத்து இந்தியப் போர்வீரர் வழக்குச் சட்டம் இருக்கிறது. அவர் வர இயலாதபோது விசாரணையை நிறுத்திவைக்கவும், அவரில்லாமல் ஆன டிக்ரியை நியாயத்துக்கு அவசியமானால் ரத்துச் செய்யவும் அதில் இடமுண்டு. ஆனால் மகன் எல்லையில் இருக்கிறான் என்பதைக் கோர்ட்டுக்கு யாராவது தெரிவித்தால்தானே கோர்ட்டு அறியும்? சம்மன் வந்ததும் பயந்து பெட்டியில் பூட்டி வைத்தால் எந்தச் சட்டம் வந்து காப்பாற்றும்?

இனி, பென்ஷன். 1871ஆம் வருடத்துப் பென்ஷன் சட்டப்படி, சர்க்கார் கொடுக்கும் பென்ஷனைக் கடன்காரர் ஜப்தி செய்ய முடியாது. இனி வரப்போகும் பென்ஷனை முன்கூட்டியே எழுதிக்கொடுத்த பத்திரமும் செல்லாது. இப்படியிருக்க, பென்ஷன் புத்தகத்தையும் பாங்குக் கார்டையும் வட்டிக்காரர் கையில் கொடுத்துவிட்டு, மாதாமாதம் அவர் வாசலில் நிற்பது எதற்காக? 2003ஆம் வருடத்துத் தமிழ்நாட்டுக் கந்துவட்டித் தடைச் சட்டப்படி அளவுக்கு மீறிய வட்டி வாங்குவது 3 வருடம் வரை சிறைக்குரிய குற்றம்.

நிற்க. இந்தப் பாதுகாப்பு, வாங்கிய கடனைத் தராமலிருப்பதற்கான உரிமையல்ல. கடன் கடனாகவேதான் இருக்கும். அடமானம் வைத்த வீட்டிற்கு இவ்விலக்கு இல்லை. ஜாமீன் போட்ட அண்ணன் தம்பிக்கும் இல்லை. சிப்பாயை விட்டுவிட்டு அவர்களைப் பிடிப்பார்கள். பெண்டாட்டி பிள்ளைகளைக் கைவிட்டவனுக்கும் இது மறைவிடமாகாது. அவர்கள் ஜீவனாம்சத்திற்காகச் சம்பளத்தில் பிடித்துக்கொடுக்க ராணுவச் சட்டத்திலேயே வழியுண்டு.

குறையும் இருக்கிறது. அமெரிக்காவில் 2003ஆம் வருடத்துச் சட்டப்படி, படையில் சேருமுன் வாங்கிய கடனுக்குச் சேவைக் காலத்தில் 100க்கு 6க்கு மேல் வட்டி கேட்கக்கூடாது. நம் ராணுவச் சட்டத்தில் வட்டிக்கு அப்படியொரு வரம்பில்லை. உயிரைக் கொடுக்கப் போகிறவனுக்கு வட்டியில் ஒரு வரம்பு கேட்பது பிச்சையாகுமா? நாம் கேட்டுத்தான் தீரவேண்டும்.

தோழர்களே! கடனைத் தலைவிதியென்று சொல்லுகிறவரைக்கும் வட்டிக்காரருக்குக் கொண்டாட்டந்தான். வட்டி விகிதத்தை எழுதியது பிரமனல்ல, பத்திரம் எழுதியவர். கலியாண ஆடம்பரத்திற்கும் ஊர்மெச்சும் சீருக்கும் கடன் வாங்கச் சொன்னதும் எந்தக் கிரகமும் அல்ல. ஆகவே வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பென்ஷன் புத்தகத்தை அடகு வைக்காதீர்கள். சம்மன் வந்தால் அன்றைக்கே படைப்பிரிவு அதிகாரிக்கு எழுதுங்கள். ஜில்லா முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.